கட்டுரையின் கடைசிப் பெயர் யாருடையது?

உயிரியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது பெயர்ப் பட்டியலின் இரண்டு முனைகளைத்தான். முதலில் இருப்பவர் மாதக்கணக்கில் ஆய்வகத்தில் நின்று சோதனைகளைச் செய்தவர், பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர். கடைசியில் இருப்பவர் ஆய்வகத்தை நடத்துபவர். நடுவில் மாட்டிக்கொண்டவருக்குப் பெரிய பெயர் கிடைக்காது. இதே கண்ணோடு கணிதக் கட்டுரையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் அங்கே பெயர்கள் வெறும் அகரவரிசையில்தான் நிற்கும். கடைசியில் இருப்பவரே முக்கால்வாசி நிரூபணத்தை எழுதியிருக்கலாம்.

துகள் இயற்பியல் இன்னும் வேறு உலகம். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைக் கணக்கிட்டு, செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015-ல் வெளியிட்ட கட்டுரை 33 பக்கம். அதில் ஆய்வும் மேற்கோள்களும் 9 பக்கம், மீதி 24 பக்கமும் ஆசிரியர்கள், அவர்களது நிறுவனங்களின் பெயர்கள். மொத்தம் 5,154 பேர்! இது மிகையாகத் தோன்றலாம், ஆனால் உணர்கருவியைக் கட்டியவர், அதை அளவு பிசகாமல் பார்த்துக்கொண்டவர், தரவைப் பிரிக்க நிரல் எழுதியவர் என்று இவர்கள் இல்லாமல் ஹிக்ஸின் நிறையே கிடைத்திருக்காது.

சரி, எங்கே வெளியிடுவது? இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் ஆய்விதழின் மதிப்பாய்வுக்குக் காத்திருக்காமல், 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முதலில் போட்டுவிடுவார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான், நெடுங்காலம் தீராமல் கிடந்த பாங்கரே கணிப்பு என்ற கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002, 2003-ல் அங்கே போட்டதோடு சரி, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. மருத்துவத்தில் இப்படிப்பட்ட தளமான மெட்ஆர்க்கைவ் வந்ததே 2019-ல்தான். நிரூபணத்தில் பிழை இருந்தால் யாருக்கும் உயிர் போகாது, மருந்தைப் பற்றிய கட்டுரையில் பிழை இருந்தால் போகலாம் என்பதால் அந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

கணினி அறிவியலில் மாநாடுதான் எல்லாம். உயிரியல் மாநாட்டுக்கு ஒரு பத்திச் சுருக்கம் அனுப்பினால் போதும். இங்கே முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டும், அதைப் பலர் மதிப்பாய்வு செய்வார்கள், பெரிய மாநாடுகளில் முக்கால்வாசிக் கட்டுரைகள் திரும்பி வந்துவிடும். வரலாற்றிலோ பல வருட உழைப்பு ஒரே புத்தகமாக வரும்.

இவர்கள் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆய்விதழின் 'தாக்கக் காரணி' என்பது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு. உயிரியலில் அதற்குள் மேற்கோள்கள் குவிந்துவிடும். கணிதத்திலோ ஒரு கட்டுரையைச் சரிபார்க்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதைப் படித்து இன்னொருவர் யோசித்து, எழுதி, அதுவும் மதிப்பாய்வு முடிந்து அச்சில் வருவதற்குள் அந்த இரண்டு ஆண்டுகள் எப்போதோ கடந்துபோயிருக்கும்.