ஆர்க்கிட் பூ சீக்கிரம் வாடுதா? ராத்திரி சூட்ட கவனிங்க

ஆர்க்கிட் வாங்க வர்றவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் கேக்கறது, "பூ எத்தன நாள் தாங்கும்?" நான் பதிலுக்கு ஒண்ணு கேப்பேன், உங்க வீட்ல ராத்திரி எவ்ளோ சூடு இருக்கும்னு. நெறய பேருக்கு தெரியாது. பகல்ல 40 டிகிரி தொட்டுச்சுன்னு டிவில பாத்திருப்பாங்க, ஆனா செடி இருக்கற ஹால்ல நடுராத்திரில எவ்ளோன்னு யாரும் பாக்கறதில்ல. சென்னை மாதிரி ஊர்ல பூவோட ஆயுச குறைக்கறதுல அந்த ராத்திரி சூட்டுக்குதான் பெரிய பங்கு இருக்கு, அதனாலதான் இத எழுதறேன்.

பூ செடில இருந்தாலும் சரி, வெட்டி தண்ணில வச்சாலும் சரி, அது மூச்சு விட்டுட்டேதான் இருக்கும். அதுக்கு சர்க்கரை செலவாகும். வெப்பம் 10 டிகிரி கூடினா இந்த மூச்சு வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், சில நேரம் அதுக்கும் மேல. அப்ப 20 டிகிரில நிதானமா செலவாகற சர்க்கரை 30 டிகிரில கடகடன்னு தீரும். பகல்லயாவது இலை வெளிச்சத்துல சர்க்கரை செஞ்சு குடுக்கும், ராத்திரி வரவே கிடையாது செலவு மட்டும்தான். இதுல ஃபெலனாப்சிஸ்னு பட்டாம்பூச்சி மாதிரி பூ பூக்கற ஆர்க்கிட் வகைக்கு இன்னொரு சங்கடம் இருக்கு, அது கார்பன் டை ஆக்சைட ராத்திரிலதான் உள்ள இழுத்து சேத்து வச்சுக்கும், ராத்திரி புழுக்கமா இருந்தா அந்த வேலையும் மந்தமாயிரும்.

மே மாசத்துல சென்னைல பல நாள் ராத்திரில வெளியவே 28 டிகிரிக்கு பக்கத்துலதான் இருக்கும், மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடுன்னா கேக்கவே வேணாம், காங்கிரீட் பகல் பூரா வாங்கின சூட்ட விடிய விடிய விட்டுட்டே இருக்கும். மார்கழில அதே ஊர்ல 20, 21க்கு இறங்கும். அதனால கார்த்திகை மார்கழில வாங்கின ஃபெலனாப்சிஸ் ரெண்டு மூணு மாசம் பூவோட நிக்கறதும், சித்திரைல வாங்கினது ஒரு மாசத்த தாண்டவே திணறதும் வருஷா வருஷம் நான் பாக்கற விஷயம். செடி மேல தப்பில்ல. ஆனா வாங்கினவங்க தண்ணி பத்தலயோன்னு நெனச்சு ரெண்டு வேளையும் ஊத்தி வேரையும் அழுக வச்சிடறாங்க, அதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அந்த செடி எங்க வளந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. பெரிய பாலிஹவுஸ்ல, அதாவது பிளாஸ்டிக் ஷீட் போட்ட செடி கொட்டகைல, 28 டிகிரி பக்கத்துல வச்சு இலைய மட்டும் வளப்பாங்க, அந்த சூட்டுல ஸ்பைக், அதாவது பூ வர்ற தண்டு, வராது, அப்புறம் கூலிங் போட்டு 20லேந்து 25க்குள்ள சில வாரம் வச்சாதான் ஸ்பைக் கிளம்பும். அப்படி வந்த செடிய மத்தியானம் ரெண்டு மணிக்கு கார் டிக்கில போட்டு எடுத்துட்டு போனா மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்றதுல ஆச்சரியமே இல்ல. காலைல சீக்கிரம் வாங்க, மடில வச்சு எடுத்துட்டு போங்க. வீட்ல அடுத்த ஸ்பைக் வரணும்னாலும் மார்கழி, தை ராத்திரிதான் நமக்கு இருக்கற வாய்ப்பு, அப்ப ஜன்னல தெறந்து வையுங்க.

சரி அப்ப ஃப்ரிட்ஜ்ல வச்சா நல்லா இருக்குமேன்னு ஒரு அக்கா கேட்டாங்க, தயவுசெஞ்சு வேணாம். டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டா எல்லாம் வெப்ப நாட்டு ஆர்க்கிட் வகைங்க, 10 டிகிரிக்கு கீழ போனா இதழ் கண்ணாடி மாதிரி ஆகி அப்புறம் பழுப்பாகும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி பக்கத்துல இருக்கும். சிம்பிடியம் கத வேற, சிக்கிம்ல விளையறது அது, குளிர் பிடிக்கும். ஏசி ரூம்ல 24, 25ல வைக்கலாம் நல்லதுதான், ஆனா காத்து நேரா பூ மேல அடிக்கக்கூடாது, ராத்திரி ஏசி பகல்ல 36ன்னு தினம் ஏறி இறங்கினா மொட்டு தாங்காது.

கோடைல இன்னொரு எதிரி, டைனிங் டேபிள்ல பழுக்க வச்ச மாம்பழம். பழுக்கற பழத்துலேந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், ஆர்க்கிட் பூவுக்கு அது கொஞ்சம் பட்டாலே போதும், நல்லா இருந்த பூ திடீர்னு சுருங்கிரும். சூட்டுல பழமும் வேகமா பழுக்கும். சாம்பிராணி புகை, ஊதுபத்தி புகை, வண்டி புகைலயும் எத்திலீன் இருக்கு, அதனால பூஜ ரூம் வாசல்லயும் வைக்காதீங்க.

எல்லா ஆர்க்கிட்டும் மூணு மாசம் தாங்கும்னு சொல்லி விக்கறத நம்பாதீங்க. கேட்லியா நல்ல குளிர்ச்சிலயும் ரெண்டு மூணு வாரம்தான். சிங்கப்பூர் மலேசியால மரத்துல தானா வளர்ற புறா ஆர்க்கிட்னு ஒண்ணு இருக்கு, பெருமழை பெஞ்சு சட்டுனு குளிர்ந்தா அதுலேந்து ஒம்பது நாள் கழிச்சு அந்த ஏரியா பூரா ஒரே நாள்ல பூக்கும், அன்னிக்கே வாடிரும். குளிர்தான் அத பூக்க வைக்குது, ஆனா ஆயுச ஒரு நாளுக்கு மேல நீட்ட முடியாது.

கோடைல பரிசு குடுக்க வாங்கறீங்கன்னா ஃபெலனாப்சிஸ விட டென்ட்ரோபியம் எடுங்க, நம்ம கடலோர புழுக்கத்த அது நல்லா தாங்கும். முழுசா விரிஞ்சத விட நுனில மொட்டு இருக்கற ஸ்பைக்கா பாத்து எடுங்க. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி செடி பக்கத்துல மாட்டுங்க, ரெண்டு மூணு ராத்திரி பாத்தாலே வீட்ல எந்த மூல குளிர்ச்சின்னு தெரிஞ்சிரும், பெரும்பாலும் தரைக்கு பக்கத்துல, கிழக்கு ஜன்னல் ஓரம்.

ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு பிரச்சன தலைகீழ். அங்க குளிரோட ஈரமும் சேந்து காத்து அசையாம நின்னா இதழ்ல சின்ன சின்னதா பழுப்பு புள்ளி விழும், அது பூஞ்சை. பூ மேல தண்ணி தெளிக்காதீங்க, சாயங்காலத்துக்கு அப்புறம் தெளிக்கவே கூடாது, புள்ளி விழுந்த பூவ வெட்டி எடுத்துட்டு ஒரு சின்ன ஃபேன சுவத்த பாத்து மெதுவா ஓட விடுங்க.