அடிபடாத பந்து ஏன் தளர்கிறது?

எங்கள் பகுதிப் பூங்காவின் சிமென்ட் தளத்தில் காலைதோறும் டென்னிஸ் ஆடும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மூன்று பந்துகள் கொண்ட டின்னைத் திறந்து ஒன்றை மட்டும் ஆடினேன். மற்ற இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்து எடுத்தால் அவையும் எழும்பவில்லை. அடியே படாத பந்துக்கு என்ன ஆயிற்று?"

அவர் பந்தைத் தொடாவிட்டாலும், அதற்குள்ளிருந்த காற்று சும்மா இருக்கவில்லை. புதுப் பந்தினுள் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ முக்கால் மடங்கு அழுத்தம் கூடுதலாக இருக்கும். 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழும் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற அந்த அழுத்தம் தேவை. டின்னுக்குள்ளும் அதே அளவு அழுத்தம் இருப்பதால் மூடியிருக்கும் வரை கசிவு இல்லை. திறக்கும்போது கேட்கும் 'உஸ்' ஒலியோடு அந்தக் காவல் முடிந்துவிடுகிறது.

ஆனால் பந்தில்தான் ஓட்டையே இல்லையே! ரப்பரை நாம் சுவராகக் கற்பனை செய்துகொள்வதே இங்கு வரும் குழப்பத்துக்குக் காரணம். ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள், இங்குமங்கும் ஒன்றோடொன்று கந்தகத்தால் முடிச்சிடப்பட்டு, அறை வெப்பநிலையில் ஓயாமல் நெளிந்துகொண்டிருப்பதுதான் ரப்பர். நெளியும்போது சங்கிலிகளுக்கிடையே மிகச் சிறிய இடைவெளிகள் தோன்றி மறைகின்றன. உட்புறத்தில் ரப்பரில் கரையும் வாயு மூலக்கூறு, அத்தகைய இடைவெளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி, திசை தெரியாமல் அலைந்து, எப்போதாவது வெளிப்புறத்தை எட்டிவிடுகிறது. வெளியிலிருந்தும் மூலக்கூறுகள் உள்ளே வரத்தான் செய்கின்றன; உள்ளே நெரிசல் அதிகம் என்பதால் வெளியேறுபவையே மிகுதி.

அப்படியானால் காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும் பியூட்டைல் ரப்பரில், அதாவது டயர் டியூபுகளுக்குப் பயன்படும் ரப்பரில், பந்து செய்யலாமே என்று தோன்றும். இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பியூட்டைல் சங்கிலியில் மீத்தைல் தொகுதிகள் என்ற சிறு பக்கக்கிளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அது எளிதில் நெளியாது; ஆகவே வாயுவுக்கு வழி விடாது. அதே மந்தத்தால், அமுங்கிய வடிவத்திலிருந்து விரைந்து மீளவும் அதனால் இயலாது. அடியின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். அதில் செய்த பந்தை அறை வெப்பநிலையில் தரையில் போட்டால் பொத்தென்று உட்காரும். இயற்கை ரப்பரைத் துள்ள வைக்கும் நெளிவே அதைக் கசியவும் வைக்கிறது. இரண்டையும் இணக்க, இயற்கை ரப்பர் ஓட்டின் உட்புறத்தில் களிமண்ணின் மெல்லிய தகடுகள் கலந்த பியூட்டைலைப் பூசிப் பார்த்தார்கள்; தகடுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் வாயுவின் பாதை பன்மடங்கு நீள்கிறது. 'களிமண்ணுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா' என்று கேட்போருக்கு இதை நான் சொல்வதுண்டு.

பந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கையும் பூங்காவில் உலவுகிறது. குளிரில் சங்கிலிகளின் நெளிவு குறைவதால் கசிவு மெதுவாகும் என்பது மட்டுமே உண்மை. போன காற்று திரும்பாது. எடுத்தவுடன் ஆடினால், அதே குளிரால் பந்து இன்னும் மந்தமாகவே எழும்.