இலையில் தெளித்தால் இலைக்குள் போகுமா? கீரையும் துத்தநாகமும்

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் துத்தநாகம் இருக்கிறது. கீரையின் வேருக்குத்தான் அது எட்டுவதில்லை. சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த மண் அது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒரு புள்ளி ஏறினால் மண்நீரில் கரைந்திருக்கும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரும்பின் நிலை இன்னும் மோசம். அடியுரமாக அள்ளிப் போட்டாலும் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் உண்ணும் கீரையில் இந்தச் சத்துகளைக் கூட்ட, மண்ணைத் தவிர்த்துப் போகும் வழிதான் இலைவழித் தெளிப்பு.

இலையின் மேலே மெழுகுப் படலம் உண்டு. அதில் கண்ணுக்குப் புலப்படாத நீர்வழிகளும் உண்டு. துளி ஈரமாக இருக்கும்வரை, கரைந்த துத்தநாகம் அவற்றின் வழியாகவும் இலைத்துளைகளின் வழியாகவும் மெல்ல உள்ளே ஊடுருவும். துளி காய்ந்தால் எல்லாம் நின்றுவிடும். மதுரை வெயிலில் உச்சிப்பொழுதில் தெளிப்பவர் உப்பைத்தான் இலைமேல் பூசுகிறார். இலை கருகவும் கூடும். மாலையில் தெளித்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். இரவில் பனி இறங்கினால் காய்ந்த உப்பும் மறுபடி கரையும்.

லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட், கொஞ்சம் ஒட்டுத்திரவம்; துத்தநாகத்துக்கு அவ்வளவே. இரும்புக்கான அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) அப்படி எளிதில் வசப்படாது. காரமான போர்வெல் தண்ணீரில் போட்டால் காற்றோடு சேர்ந்து துருநிறமாகி அடியில் தங்கிவிடும். லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்துக்கொண்டால் இரும்பு கரைசலிலேயே நிற்கும்.

நெல்லில் இந்த வேலை கடினம். இலையில் விழுந்த சத்து கதிர்வரை பயணம் செய்ய வேண்டும்; துத்தநாகம் ஓரளவு நகரும், இரும்பு நகரவே தயங்கும். கீரைக்கு அந்தப் பயணமே தேவையில்லை, நாம் உண்பதே இலைதான்.

ஐயமும் இங்கேதான் எழுகிறது. வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பும் ஆய்வகக் கணக்கில் இலையின் சத்தாகிவிடும். நன்றாக அலசிய பிறகு அளந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்; நம் வீட்டுச் சட்டிக்குப் போவதும் அலசிய கீரைதானே! அதிலும் கீரையில் உள்ள சில பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேர்வது ஒரு சிறு பங்குதான்.

பின்லாந்து 1984 முதல் உரத்திலேயே செலினியம் என்னும் இன்னொரு நுண்சத்தைக் கலக்கிறது. அதைப் பார்த்து இங்கே அதையும் தெளிக்கத் துணிய வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் செலினியம் போதும்; 400ஐத் தாண்டினால் ஆபத்து.

அரைக்கீரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தெளித்த சத்து அறுத்த இலையோடு போய்விடும். அடுத்துத் துளிர்ப்பது புது இலை; அதற்கு மறுபடியும் தெளித்தாக வேண்டும்.