பார்கின்சன் முற்றும்போது மாத்திரை நேரம் ஏன் தப்பக்கூடாது?

பார்கின்சன் நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1967-இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற மருத்துவர்கள் வகுத்தார்கள். அறிகுறி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் முதல் நிலை, இரு பக்கமும் வந்தால் இரண்டாவது, சமநிலை தடுமாறினால் மூன்றாவது. நான்காவதில் எழுந்து நிற்கலாம், நாலடி நடக்கலாம், ஆனால் அன்றாட வேலைக்குத் துணை வேண்டும். ஐந்தாவதில் பிறர் உதவியின்றி நாற்காலியை விட்டோ படுக்கையை விட்டோ எழ முடியாது. இந்த எண்கள் உடல் அசைவைத்தான் அளக்கின்றன. மலச்சிக்கல், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் கணக்கில் வருவதில்லை. "அப்பாவுக்கு மூணாவது ஸ்டேஜ்தானே" என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

நோய் முற்ற முற்ற மருந்தே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நடுமூளையில், உடலை அசைக்க மூளைக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் அசைவுக் கோளாறுகளுக்கு முக்கியக் காரணம். இந்த நோய்க்கு முக்கியமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் இது தெரியாது. மிச்சமிருக்கும் செல்கள் மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி டோபமினைச் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். செல்கள் குறைந்ததும் தொட்டியே இல்லாமல் போகிறது. மருந்து ஏறும்போது உடல் தானாக நெளிகிறது, இறங்கும்போது கட்டைபோல் விறைக்கிறது. அரை மணி நேரம் தாமதித்தாலும் சிலர் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

புரதமும் குறுக்கே வரும். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் லெவோடோபா போகும் வழியிலேயே புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் போகின்றன. அதனால் மீன் குழம்புச் சாப்பாட்டோடு மாத்திரையைக் கொடுத்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீரோடு கொடுப்பது நல்லது. குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், ஏற்கனவே உடல் இளைத்திருக்கும்.

சிங்கப்பூரில் பல வீடுகளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பணிப்பெண்தான். நேர அட்டவணையை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போதும் அதைக் கையோடு கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுங்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும், குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோபமினைத் தடுப்பவை. அப்பாவுக்குப் பார்கின்சன் இருப்பதை ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் விழுங்குவது. பிற்கட்டத்தில் உயிர்போக முக்கியக் காரணம் நிமோனியா. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் சிலருக்கு இருமலே வராது. ரசம் சாதம் எளிது என்று நமக்குத் தோன்றும். ஆனால் நீரும் பருக்கையும் கலந்த உணவை விழுங்குவதுதான் கடினம். பேச்சு சிகிச்சையாளர் பரிசோதித்து, எந்த அளவுக்கு மசிக்கலாம், தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்று சொல்வார். நிமிர்ந்து உட்காரவைத்து, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஊட்டுங்கள்.

குரலும் தேய்ந்துகொண்டே போகும், சிலருக்கு நினைவும் குழம்பும். தனக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தில் மனத்தெளிவு இருக்கும்போது மட்டுமே கையெழுத்திட முடியும். குழாய் வழி உணவு வேண்டுமா, கடைசி நாட்கள் வீட்டிலா மருத்துவமனையிலா என்பதையெல்லாம் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் பதிந்துவைக்கலாம். ஐந்தாம் நிலை வரை காத்திராமல், அவரே வாய்திறந்து சொல்ல முடியும்போது கேட்டுவிடுங்கள்.