மதுக்கூடத்துக்கு மேல் மாடியில் டாமி

குடிநோய் சிகிச்சைக்கு வருகிறவர்களின் வீட்டாரிடம் நான் பார்க்கச் சொல்லும் படம் ஒன்று உண்டு. 1996-ல் வந்த ‘ட்ரீஸ் லவுஞ்ச்’. நடிகர் ஸ்டீவ் புஷெமி எழுதி, இயக்கி, நடித்த சின்ன பட்ஜெட் படம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், அவர் வளர்ந்த வேலி ஸ்ட்ரீம்தான் கதை நடக்கும் ஊர். டாமிக்கு வயது 31, மெக்கானிக். வேலை போய்விட்டது. காதலி இப்போது அவனுடைய பழைய முதலாளியோடு இருக்கிறாள். அவன் குடியிருப்பதோ மதுக்கூடத்துக்கு மேல் மாடியில்!

நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய குடிகாரன் இல்லை டாமி. கலகலப்பாகப் பேசுவான், உதவி கேட்டால் வருவான். “எங்க வீட்டுக்காரர் அந்த அளவுக்கெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்பவர்களுக்கு அதனாலேயே இந்தப் படம் உறைக்கும்.

“வேலை போன கவலையிலதான் குடிக்கிறான்” என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். டாமி வேலையை இழந்தது கடைப் பணத்தில் கைவைத்ததால். அவனைக் கேட்டால், திருப்பி வைத்திருப்பேன் என்பான். வேலை போவதற்கு முந்தைய வருடம் எவ்வளவு குடித்தார் என்று நான் கேட்டால், பெரும்பாலும் மனைவிதான் மெதுவாகப் பதில் சொல்வார்.

மாமா இறந்ததும் அவருடைய ஐஸ்கிரீம் வண்டி டாமி கைக்கு வருகிறது. ஒரு வேலை கிடைத்தால், ஒரு கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று நம்புகிற பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். 17 வயதுப் பெண்ணொருத்தி வண்டியில் கூடவே சுற்ற ஆரம்பிக்கிறாள். கடைசியில் அவளுடைய அப்பா பேஸ்பால் மட்டையால் வண்டியை அடித்து நொறுக்குகிறார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் பில் என்ற கிழவர். மதுக்கூடத்தில் எந்நேரமும் ஒரே இருக்கையில் குடித்துக்கொண்டிருப்பவர், ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். படம் அவர் பின்னால் போகவில்லை. ஆனால், அங்கே என்ன நடக்கக்கூடும் என்று வார்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். தினமும் குடித்த உடம்பில் திடீரென்று மது நின்றால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து சிலருக்குப் புத்தி தடுமாறும். கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்த ஒரு டிரைவர், மூன்றாம் இரவு கட்டிலில் உட்கார்ந்தபடி இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். அட்மிஷனின்போது கேட்டதற்கு, “எப்பவாவதுதாங்க” என்றிருந்தார்கள் வீட்டார். தினமும் அரை பாட்டில் என்று அன்றே சொல்லியிருந்தால் முதல் நாளே மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் ஆரம்பித்திருக்கலாம். இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

பில்லின் இருக்கையில் போய் உட்காருவது யார் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முக்கியம் அந்த 31 வயது. ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலையோடு வருகிறவரைவிட அந்த வயதில் வருகிறவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது. “பட்டாத்தான் திருந்துவான்” என்று காத்திருப்பதில் போவது அந்த வருடங்கள்தான்.

காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால் வீட்டிலேயே சபதம் எடுத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே வாருங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வரலாம்.