ஐஇசி நம்பருக்கு ஐநூறு ரூவா தான், எட்டாயிரம் இல்ல

போன வாரம் காவேரிப்பட்டணத்துல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணான், "ணா, மாங்கூழ் வெளிநாட்டுக்கு அனுப்ப லைசென்ஸ் எடுக்கணும், ஒருத்தர் எட்டாயிரம் கேக்குறாரு, குடுத்துடவா"ன்னு. பொறுடான்னு சொல்லிட்டு அவனுக்கு அரை மணி நேரம் விளக்குனத தான் இங்க எழுதுறேன், நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட், ரோஸ், புளின்னு அனுப்ப நெனைக்கிற நெறைய பேருக்கு இதே சந்தேகம் இருக்கு.

முதல்ல அது லைசென்ஸ் இல்ல, ஒரு நம்பர். ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி குறியீடு. குடுக்கிறது டிஜிஎஃப்டி, தமிழ்ல வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகம்னு சொல்றாங்க, டெல்லில வணிக அமைச்சகத்துக்கு கீழ இருக்கிற ஆபீஸ். 1991க்கு முன்னாடி இதே ஆபீஸுக்கு வேற பேரு, அப்போ எதுக்கெடுத்தாலும் பர்மிட் வாங்கணும், அப்புறம் 1992ல சட்டம் மாறி வேலையும் மாறுச்சு. இப்போ நடக்கிறது 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்த வர்த்தக கொள்கை, இதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணுன்னு போடுவாங்க, இதுக்கு முடிவு தேதியே இல்ல, தேவைப்பட்டப்போ திருத்திட்டே போவாங்களாம்.

டெல்லி ஆபீஸ் நமக்கென்னன்னு நெனைக்காதீங்க. எந்த பொருள் தாராளமா வெளிய போகலாம், எதுக்கு அனுமதி வேணும், எது போகவே கூடாதுன்னு அறிவிப்பு போடுறது இவங்க தான். 2023 ஜூலை 20ம் தேதி பாசுமதி இல்லாத வெள்ள அரிசிய வெளிய அனுப்ப தடை போட்டாங்க, 2024 செப்டம்பர்ல தான் எடுத்தாங்க. நடுவுல 2023 டிசம்பர்ல வெங்காயத்துக்கும் தடை, அது 2024 மே வரைக்கும். ஆர்டர் வாங்கி வெச்சிருந்தவன் கதி என்னன்னு யோசிச்சு பாருங்க. அதனால சரக்கு பேசுறதுக்கு முன்னாடி உங்க பொருளோட எட்டு இலக்க கோடு (கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டுற நம்பர்) என்னன்னு கண்டுபிடிச்சு அதோட நிலைமைய இவங்க தளத்துல பாத்துக்கணும். மாங்கூழுக்கு 08045040. சர்க்கர சேத்தா கோடு மாறலாம், அங்க தான் பல பேரு சொதப்புறாங்க.

இப்போ நம்பர் எடுக்கிறது. அரசு ஃபீஸ் 500 ரூவா, அவ்ளோ தான். பான் கார்டு, கேன்சல் பண்ண செக், அட்ரஸ் ப்ரூஃப், மொபைல், ஈமெயில், ஆதார் ஓடிபில கையெழுத்து, எல்லாம் ஆன்லைன்ல முடிஞ்சிரும், ஒரு ஆபீஸுக்கும் போக வேணாம். ஜிஎஸ்டி வந்ததுல இருந்து உங்க பான் நம்பரே தான் ஐஇசி நம்பர், ஒரு பானுக்கு ஒண்ணு தான் கெடைக்கும். கூகுள்ல தேடுனா அரசு தளம் மாதிரியே சின்னமெல்லாம் போட்டு தனியார் தளங்க மேல வந்து நிக்கும், அட்ரஸ் கடைசில ஜிஓவி டாட் இன் இருக்கான்னு பாத்துட்டு தான் பணம் கட்டணும். ஆடிட்டர்கிட்ட குடுத்து செஞ்சா தப்பில்ல, அவர் கூலிய அவர் வாங்குவாரு, ஆனா "கவர்மெண்ட் ஃபீஸே எட்டாயிரம்"னு சொன்னா அது பொய்.

நம்பர் ஆயுசுக்கும் செல்லும். ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு, இத ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டாங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள டிஜிஎஃப்டி தளத்துக்குள்ள போய், ஒண்ணும் மாறலன்னாலும் "எல்லாம் சரி"ன்னு உறுதி பண்ணணும், அந்த மூணு மாசத்துல காசு கெடையாது. விட்டா நம்பர் முடங்கிடும். நம்ம ஊருக்கு இது செம காமெடி, மாங்கா சீசன் அப்போ தான் உச்சத்துல இருக்கும், ஃபேக்டரில பெங்களூரா மாங்கா லோடு லோடா வந்து நிக்கிற நேரத்துல கம்ப்யூட்டர் முன்னாடி யாரு உக்காருவா? அதனால ஏப்ரல் முதல் வாரத்துலயே முடிச்சிடுங்க. முடங்குனாலும் அப்டேட் பண்ணா திரும்ப வரும், ஆனா கண்டெய்னர் ஏத்துற அன்னிக்கு தான் அது தெரியவரும்.

ஐஇசி மட்டும் இருந்தா போதாது. பேங்க்ல ஏடி கோடு (ஏற்றுமதி பணம் வர்ற பேங்க் கிளைய காட்டுற நம்பர்) வாங்கி கஸ்டம்ஸ்ல பதிவு பண்ணணும், மாங்கூழ்னா அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதிய பாக்குற அரசு அமைப்பு) பதிவும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவு பாதுகாப்பு லைசென்ஸும் வேணும், ஜிஎஸ்டி கட்டாம அனுப்ப எல்யூடிங்கிற உறுதிமொழிக் கடிதம் ஒவ்வொரு நிதியாண்டும் புதுசா போடணும்.

சலுகைங்க ரெண்டு சொல்றேன். ரோடெப்னு ஒண்ணு, 2021ல வந்தது, திரும்ப கெடைக்காத உள்ளூர் வரிகள்ல ஒரு பங்க ஸ்க்ரிப்பா, அதாவது பணத்துக்கு பதிலா கணக்குல ஏத்துற வரவா குடுப்பாங்க, இறக்குமதி வரி கட்ட யூஸ் பண்ணலாம், இல்ல வித்துடலாம், ஆனா சரக்கு அனுப்பும்போது கஸ்டம்ஸ்ல போடுற ஷிப்பிங் பில்லுலயே "வேணும்"னு குறிக்கணும், பின்னாடி போய் கேட்டா கெடைக்காது. இன்னொண்ணு இபிசிஜி, வெளிநாட்டு மெஷின சுங்க வரி இல்லாம கொண்டு வரலாம், மிச்சமான வரியப் போல ஆறு மடங்கு ஏற்றுமதி ஆறு வருஷத்துல காட்டணும். பத்து லட்சம் மிச்சம் பண்ணா அறுபது லட்சம் காட்டணும். முடியலன்னா வரிய வட்டியோட கட்ட வேண்டியது தான், சின்ன யூனிட்டுக்காரங்க இதுல கால் வைக்கும்போது கணக்குப் போட்டுட்டு வைங்க.

இன்னொரு குழப்பம், போச்சம்பள்ளி ஸ்கூட்டர், ஓசூர் செல்போன் பார்ட்ஸ்னு பேசும்போது வர்ற பிஎல்ஐ (உற்பத்தி அடிப்படையில அரசு குடுக்கிற ஊக்கத்தொகை) டிஜிஎஃப்டி கையில இல்ல, அந்தந்த துறை அமைச்சகம் பாக்குது, மொத்தத்தையும் கோர்க்கிறது டிபிஐஐடிங்கிற மத்திய தொழில் ஊக்குவிப்பு துறை.

சித்தப்பா பையன் அன்னிக்கு ராத்திரியே 500 கட்டி அப்ளை பண்ணிட்டான், நம்பரும் வந்துருச்சு. இப்போ கூழ்ல சர்க்கர போடுறதா வேணாமான்னு வாங்குறவன்கிட்ட கேட்டுட்டு இருக்கான், அத பொறுத்து தான் கோடு.