மூன்று வருடம் தூங்கிய ட்ரோன் பேட்டரிகள்

வந்தவர் ஒருவர் பையிலிருந்து மூன்று பேட்டரிகளை எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார். "மூணு வருஷமா தொடவே இல்லண்ணா. சார்ஜ்ல போட்டா லைட்டே எரிய மாட்டேங்குது. எப்படியாவது உயிர் கொடுத்துடுங்க."

ட்ரோன் பழுதுபார்க்கும் வேலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது காதில் விழும் பேச்சு இது. மூன்றும் ஒரே ட்ரோனுக்கு, ஒரே நாளில் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் மூன்று செல். ஆனால் மூன்றின் கதியும் ஒன்றாக இல்லை.

முதல் பேட்டரியில் நான் மீட்டரே வைக்கவில்லை. மேசையில் ஒரு தட்டையான கண்ணாடித் துண்டு எப்போதும் இருக்கும். அதன்மேல் வைத்து ஓரத்தை விரலால் தள்ளினேன். பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி நின்றது. நல்ல பேட்டரியின் அடிப்பக்கம் கண்ணாடியில் அப்பிக்கொண்டு நிற்கும், சுற்றாது. உப்பியிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கரைசல் சிதைந்து வாயுவாகிவிட்டது என்று அர்த்தம். அதில் எரியக்கூடிய வாயுவும் உண்டு. ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, மேலே டேப் ஒட்டச் சொல்லும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலை இல்லை இது. அதைத் தனியாக எடுத்து, மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்துவிட்டு அடுத்ததற்கு வந்தேன்.

இரண்டாவதன் மேல்மூடியைக் கழற்றி ஒவ்வொரு செல்லாக அளந்தேன்: 3.04, 3.03, 3.04 வோல்ட். இது சாகவில்லை, தூங்குகிறது. இப்போதைய ட்ரோன் பேட்டரிகளுக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. சார்ஜ் மிகவும் இறங்கியதும் அது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உறக்கநிலைக்குப் போய்விடும். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாது. அந்தப் பேட்டரிக்கென்றே வந்த சார்ஜரில் மாட்டினால்தான் கண் திறக்கும். இதுவும் அப்படித்தான், மாட்டிய சில நிமிடங்களில் முதல் விளக்கு மின்னியது. பலர் "செத்துப்போச்சு" என்று தூக்கிப்போடும் பேட்டரிகளில் இந்த ரகமும் இருக்கும்.

அதே காவல்காரன்தான் திருடனும். அந்த சர்க்யூட் 0.1 மில்லி ஆம்ப்பியர் இழுத்தாலே போதும், ஒரு வருடத்தில் 876 மில்லி ஆம்ப்பியர்-மணி காலி. இந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 3830தான். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பிரச்சினை: 3.21, 3.19, 1.38.

"ஒரு செல்தானே அண்ணா, அதுக்கு மட்டும் கொஞ்சம் சார்ஜ் ஏத்துனா சரியாயிடாதா?"

ஏறும். அதுதான் ஆபத்தே. லித்தியம் செல்லின் மைனஸ் முனையில் கிராஃபைட் பூசிய மெல்லிய செப்புத் தகடு இருக்கிறது. செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே நன்றாக இறங்கி அங்கேயே நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் செம்பு எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு பழைய இடத்துக்கே திரும்பாது. கண்ட இடத்தில் படிந்து முள்ளாக வளரும். இரு முனைகளையும் பிரித்துவைக்கும் சவ்வு தலைமுடியைவிட மெல்லியது. முள் அதைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அது சார்ஜரில் இருக்கும்போதே நடக்கலாம். நீங்கள் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப்போன பிறகும் நடக்கலாம்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பேட்டரியை மிகக் குறைந்த கரண்டில், பக்கத்திலேயே உட்கார்ந்து 4.2 வோல்ட் வரை ஏற்றினேன். மறுநாள் காலை பார்த்தால் மற்ற செல்கள் 4.19இல் நிற்க, இது மட்டும் 4.05க்கு இறங்கியிருந்தது. ஒரே இரவில் அவ்வளவு தானாக இறங்கும் செல்லுக்குள் சார்ஜ் கசிகிறது என்று இன்று யார் கேட்டாலும் சொல்வேன். அன்று "பரவாயில்லை" என்று ட்ரோனில் மாட்டினேன். நான்காவது நிமிடம், மேலே ஏற்றியபோது எச்சரிக்கை ஒலி வருவதற்குள் கல் மாதிரி விழுந்தது. கீழே வெறும் வயல், யாரும் இல்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

மேசையில் நன்றாக இருந்தது வானில் ஏன் காலை வாரியது? கெட்டுப்போன செல்லின் உள்தடை, அதாவது கரண்டை உள்ளேயே மறிக்கும் தடை, 60 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் அரை ஆம்ப்பியர் இழுத்தால் 0.03 வோல்ட் சரியும். மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. மேலே ஏறும்போது 15 ஆம்ப்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் சரியும். 3.7இல் இருந்த செல் நொடியில் 2.8. நான்கு விசிறி ட்ரோனுக்கு மிதந்து இறங்க இறக்கை கிடையாது. டார்ச் லைட்டில் பேட்டரி சொதப்பினால் இருட்டு, அவ்வளவுதான். ட்ரோனில் சொதப்பினால் யார் தலை என்பதுதான் கேள்வி.

அதனால் நிக்கல் பேட்டரிக்கான மோடில் வைத்து சார்ஜரை ஏமாற்றுவது, இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து "தட்டி எழுப்புவது" எல்லாம் என்னிடம் நடக்காது. இதில் மோசமானது, இனி இந்தப் பேட்டரி வேண்டாம் என்று காவல் சர்க்யூட் போட்ட நிரந்தரப் பூட்டை மென்பொருளால் அழித்துக் கொடுப்பது. அது ஏன் பூட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

எழுந்த இரண்டாவதையும் உடனே கொடுத்துவிடவில்லை. சார்ஜ் ஏறும்போது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முழுக்க ஏற்றி ஒரு நாள் சும்மா வைத்தேன். செல்களுக்குள் 0.02 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. பிறகு முழுக்க இறக்கி அளந்தால் 3830 மில்லி ஆம்ப்பியர்-மணிக்கு 3050தான் கிடைத்தது. கடைசியில் புல்தரையில், இடுப்பு உயரத்தில் பறக்கவிட்டு, திரையில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பார்த்தபடி ஐந்து நிமிடம் நிறுத்தினேன். மூன்றும் சேர்ந்தே இறங்கின. பாதிச் சார்ஜில் தரையிறக்கிவிட வேண்டும், தண்ணீர் மேலும் ஆட்கள் மேலும் பறக்கவிடக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கூடவே, எடுத்துவைக்கும்போது முழுச் சார்ஜும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம் இருக்கட்டும், வெயில் படும் காரில் வைக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்றேன். பேட்டரி மேலேயே மார்க்கரில் தேதி எழுதிக் கொடுத்தேன்.

மற்ற இரண்டின் முனைகளிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி, பேட்டரி மறுசுழற்சிக்குப் போகும் டப்பாவில் போட எடுத்தேன். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் முனைகள் அரித்துப்போகும், உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கலாம்.

அவருக்கு மனசு வரவில்லை. "அந்த 3.2 இருக்கற ரெண்டு செல்லை மட்டும் பிரிச்சுக் குடுங்கண்ணா, எமர்ஜென்சி லைட்டுக்கு வெச்சுக்கறேன்."

"ராத்திரி அந்த லைட் உங்க வீட்ல எங்க இருக்கும் தம்பி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "குழந்தை ரூம்ல," என்றார். டப்பாவின் மூடியை அவரே திறந்துவிட்டார்.